கழித்துப் போட்ட காபிக்கொட்டை சிறுநீரகத்தில் என்ன செய்கிறது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலையில் இதே கவலையோடு இன்னும் பல வீடுகள் இருக்கின்றன. பழநி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் உங்களுக்கு மூன்று ஏக்கர் காபி. அப்பாவுக்கு வயது 61. கால் வீங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, 1.7 வந்திருக்கிறது. நல்ல பார்ச்மெண்ட்டை (தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த கொட்டையை) வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, மழையில் நனைந்து கறுத்த செர்ரியைத்தான் (தோலோடு காயவைத்த பழத்தைத்தான்) வருடக்கணக்காக வீட்டுக்கு வறுத்து அரைக்கிறீர்கள். அந்தப் பூசணம்தான் கிட்னியில் போய்ச் சேர்ந்துவிட்டது, ஒரு மருந்து இருக்கிறது, குடித்தால் கழுவிக்கொண்டு வந்துவிடும் என்று உறவுக்காரர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையா, சேர்ந்தது போகுமா, வீட்டில் மீதியிருக்கும் இரண்டு மூட்டையை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பூசண நஞ்சுகளை அளந்தே பணிக்காலம் முழுவதையும் கழித்தவள். பிறந்தது பண்ணைக்காட்டில், காபி காயும் களத்தை ஒட்டிய வீட்டில். நான் டாக்டர் இல்லை. அப்பாவின் வைத்தியத்தை அவருடைய டாக்டர்தான் பார்க்க வேண்டும். அந்த நஞ்சு கொட்டையில் எப்படி ஏறுகிறது, உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது, எங்கே தங்குகிறது என்பதை என்னால் சொல்ல முடியும்.

உறவுக்காரர் சொன்னதில் பாதி சரி. பூசணம் பிடித்த காபியில் சிறுநீரகத்தைத் தாக்கும் நஞ்சு இருக்க முடியும். அது உடம்பில் தங்கவும் செய்யும். அப்பாவின் கிரியாட்டினின் ஏறியதற்கு அதுதான் காரணமா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன். கழுவி எடுக்கும் மருந்து என்று ஒன்று கிடையாது. அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

நஞ்சின் பெயர் ஆக்ராடாக்சின் ஏ. 1965-ல் தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பர்ஜில்லஸ் ஆக்ரேசியஸ் என்ற பூசணத்தை மக்காச்சோள மாவில் வளர்த்து அதிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பூசணத்தின் பெயரே நஞ்சுக்கும் வந்தது. குளிர் நாடுகளில் பார்லி, ரை தானியங்களில் பெனிசிலியம் வகைப் பூசணம் ஒன்று இதே நஞ்சைச் சுரக்கிறது. நம்மைப் போன்ற நாடுகளில் காபி, மிளகு, மிளகாய் வற்றல், உலர்ந்த திராட்சை இவற்றில் ஆஸ்பர்ஜில்லஸ் கூட்டம் அந்த வேலையைச் செய்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பூசணம் வேறு, நஞ்சு வேறு. பூசணம் உயிருள்ளது. வறுக்கும் சட்டியில் அது செத்துப்போகும். அது சாவதற்கு முன்னால் கொட்டைக்குள் விட்டுவைத்த நஞ்சு சாகாது, ஏனென்றால் அதற்கு உயிரே இல்லை. வறுக்கும்போது சூட்டைப் பொறுத்து ஒரு பங்கு குறையும், மீதி தூளில் நிற்கும். டிகாஷன் இறக்கும்போது வெந்நீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். வெயிலில் காயவைத்துத் தேய்த்தால் மேலே படிந்த வெள்ளை போய்விடும், கொட்டை பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். "நல்லா கறுக்க வறுத்துட்டா ஒண்ணும் செய்யாது" என்று என் அம்மா ஆயுள் முழுக்கச் சொன்னார். நானும் இருபத்தைந்து வயதுவரை நம்பினேன்.

இப்போது உடம்புக்குள் போவோம். காபியோடு போன ஆக்ராடாக்சின் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்கு வருகிறது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் ஏராளமாக ஓடுகிறது. உள்ளே வந்த நஞ்சில் நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல் இந்த அல்புமினைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறிய ஆள் இறங்காமல் மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருந்தால் எப்படியோ அப்படி. சிறுநீரகத்தின் வடிகட்டி அல்புமினை வெளியே விடாது. விட்டால் அதுவே நோய். ஆகவே அல்புமின்மேல் உட்கார்ந்த நஞ்சும் வடிந்து போக வழியில்லாமல் ரத்தத்திலேயே சுற்றுகிறது.

எவ்வளவு நாள் சுற்றும்? ரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறைய பன்றிக்கு மூன்று முதல் ஐந்து நாள் ஆகிறது. குரங்குக்குச் சுமார் 20 நாள். மனிதருக்குச் சுமார் 35 நாள். இந்த ஒரு வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் என்று தினமும் ஒரே அளவு நஞ்சு உள்ளே போகிறது என்று வையுங்கள். நேற்றையது போகுமுன் இன்றையது வருகிறது. கணக்குப் போட்டால் சில மாதங்களில் ஏறத்தாழ 50 நாளுக்கான சரக்கு எந்நேரமும் உடம்பில் இருப்பில் இருக்கும். ஒரு டம்ளரில் இருப்பது ஒன்றுமில்லாத அளவாகத் தோன்றலாம். உடம்பு தாங்குவது ஐம்பது நாள் சேர்ந்த சுமையை.

அது ஏன் சிறுநீரகத்தைப் போய்ப் பிடிக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து கால் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். அதற்குள் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. அதனால் ரத்தத்தில் என்ன ஓடினாலும் சிறுநீரகம் மற்ற உறுப்புகளைவிட அதிகமாகப் பார்க்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சுருண்ட குழாய். நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகிறது. சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதியை அந்தச் சுருண்ட குழாய்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. ராத்திரி பகல் இல்லாமல் இந்த வேலையைச் செய்யும் குழாயின் முதல் பகுதிச் செல்கள்தான் இந்த நஞ்சின் இலக்கு.

வடிகட்டியில் தப்பிய கழிவுகளைப் பிடித்து வெளியேற்ற அந்தச் செல்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ரத்தம் ஓடும் பக்கத்துச் சுவரில் சில கதவுகள். பெனிசிலின் மாதிரி மருந்துகளையும் உடம்பில் உண்டாகும் சில அமிலங்களையும் ரத்தத்திலிருந்து இழுத்து, செல் வழியாகக் கடத்தி, மறுபக்கம் சிறுநீரில் தள்ளிவிடும் கதவுகள் அவை. ஆக்ராடாக்சினின் உருவம் அந்தக் கதவுக்குச் சரியாகப் பொருந்துகிறது. கதவு அதையும் இழுத்து உள்ளே போட்டுக்கொள்கிறது. உடம்பைச் சுத்தம் செய்ய வைத்த வாசலே நஞ்சுக்கும் வாசலாகிவிட்டது.

உள்ளே வந்தது மறுபக்கம் போய்விட்டாலாவது பரவாயில்லை. ஒரு பகுதி போகிறது. அப்படிப் போனதில் ஒரு பங்கைக் குழாயின் பின்பகுதி சத்து என்று நினைத்துத் திரும்ப உறிஞ்சிவிடுகிறது. ஈரல் பித்தத்தோடு குடலுக்குத் தள்ளுவதிலும் ஒரு பங்கு குடலிலிருந்து மறுபடி ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. இந்த இரண்டு சுற்றும் சேர்ந்துதான் நஞ்சை நாட்கணக்கில் தங்கவைக்கின்றன. இந்த நஞ்சு கலந்த தீவனத்தைத் தின்ற பன்றிகளில் சதையையும் கொழுப்பையும்விடச் சிறுநீரகத்தில் அதிகம் சேர்ந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

செல்லுக்குள் அது செய்யும் கெடுதல் பலவகை. ஆக்ராடாக்சினின் ஒரு பாதி பினைல்அலனின் என்ற அமினோ அமிலம். நம் உடம்பு புரதம் கட்டுவதற்கு எடுத்துவைக்கும் செங்கற்களில் அதுவும் ஒன்று. அதே முகத்தோடு வருவதால், புரதம் கட்டும் இடத்தில் அந்தச் செங்கல்லை எடுத்துக்கொடுக்கும் நொதி ஏமாந்துபோகிறது, வேலை தடைப்படுகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சேதமாகிறது. ஆக்சிஜனால் வரும் துருவைத் துடைக்கச் செல் வைத்திருக்கும் தற்காப்பும் குறைகிறது. செத்த செல்லின் இடத்தில் புதுச் செல் வந்துகொண்டே இருந்தால் பிழைத்தது. நாள்பட்டால் புதுச் செல் வராமல் நார்தான் படர்கிறது, தழும்பு மாதிரி. தழும்புக்கு உறிஞ்சவும் தெரியாது, வெளியேற்றவும் தெரியாது.

வெளியில் தெரியும் அடையாளம் முதலில் ஒன்றுமே இருக்காது. குழாய் கெட்டால் சிறுநீரைச் சுண்டவைக்கும் சக்தி குறையும். இரவில் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும், நிறமில்லாமல் போகும். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை தெரியலாம். கிரியாட்டினின் ஏறுவது ரொம்பப் பின்னால். இது எந்தக் காரணத்தால் சிறுநீரகக் குழாய் கெட்டாலும் பொருந்தும், பூசணத்துக்கு மட்டும் உரிய அடையாளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்றால், பன்றியிலிருந்து. டென்மார்க்கில் 1928-லேயே ஒரு கால்நடை ஆய்வாளர், பூசணம் பிடித்த ரை தானியம் தின்ற பன்றிகளுக்குச் சிறுநீரகம் கெடுகிறது என்று எழுதிவைத்தார். இறைச்சிக்கூடத்தில் அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் வெளிறி, வீங்கி, கரடுமுரடாக இருக்கும். 1970-களில்தான் அதற்குக் காரணம் ஆக்ராடாக்சின் என்று நிரூபித்தார்கள். அதற்குப் பிறகு அங்கே வெளிறிய சிறுநீரகம் கண்டால் அதில் நஞ்சை அளந்து பார்த்து இறைச்சியை ஒதுக்கினார்கள். 1989-ல் அமெரிக்க அரசின் ஆய்வொன்றில் இந்த நஞ்சைக் கொடுத்த எலிகளுக்குச் சிறுநீரகத்தில் புற்றுக்கட்டி வந்தது. 1993-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பட்டியலில் சேர்த்தது. நிலக்கடலைப் பூசணத்தின் அஃப்ளாடாக்சின் அதைவிடக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. அது முக்கியமாக ஈரலைத் தாக்குவது.

பன்றிக்கு நிரூபணமானது மனிதருக்கு நிரூபணமாகிவிட்டதா? இந்த இடத்தில் ஒரு கதையைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் அப்பாவுக்கு நேரடியாக உதவக்கூடிய கதை.

ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றின் கிளைகள் ஓடும் பள்ளத்தாக்குகளில், பல்கேரியா, ருமேனியா, செர்பியா, போஸ்னியா, குரோஷியா நாடுகளின் சில கிராமங்களில் மட்டும் ஒரு சிறுநீரக நோய். 1950-களில் டாக்டர்கள் அதை விவரித்து எழுதினார்கள். ஒரு கிராமத்தில் இருக்கும், அடுத்த கிராமத்தில் இருக்காது. நடுவயதில் தொடங்கி மெல்ல மெல்லச் சிறுநீரகம் சுருங்கிவிடும். சிலருக்குச் சிறுநீர்க்குழாயில் புற்றுநோயும் வரும். எல்லாரும் விவசாயிகள், வீட்டுத் தானியத்தை வீட்டிலேயே சேமித்துச் சாப்பிட்டவர்கள். பன்றியின் நோயும் இதைப் போலவே இருந்ததால் ஆக்ராடாக்சின்மேல் சந்தேகம் விழுந்தது. அந்தக் கிராமத்து உணவில் அது அதிகமாகவும் கிடைத்தது. ஏறக்குறைய முப்பது வருடம் உலகம் அப்படித்தான் பேசியது.

2007-ல் வெளியான ஆய்வு விஷயத்தைத் திருப்பிப் போட்டது. நோயாளிகளின் சிறுநீரகத்தில், அவர்களுடைய மரபணுப் பொருளிலேயே, அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற வேறொரு நஞ்சின் தடம் ஒட்டிக்கொண்டிருந்தது. கோதுமை வயலில் களையாக வளரும் ஒரு கொடியின் விதை அறுவடையில் கலந்து, மாவோடு அரைபட்டு, ரொட்டியாகி வயிற்றுக்குப் போயிருக்கிறது. இன்று அந்த நோய்க்கு முக்கியக் காரணம் அந்தக் கொடிதான் என்பதே பெரும்பாலோர் கருத்து. அதற்கு முன்பே, 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்கக் கொடுத்த மூலிகையில் இதே குடும்பத்துச் செடி கலந்துபோய்ப் பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது.

அந்தக் குடும்பத்துச் செடிகள் நமக்கும் தெரிந்தவை. கரிசல் காட்டில் தரையோடு படரும் ஆடுதின்னாப்பாளை ஒன்று. மலையடிவாரத்து வேலிகளில் ஏறும் ஈஸ்வரமூலிக் கொடி இன்னொன்று. பெருமருந்துக்கொடி என்றும் சொல்வார்கள். பூச்சிக்கும் காய்ச்சலுக்கும் விஷக்கடிக்கும் இந்த வேரைக் கொடுக்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அப்பா எந்தக் காலத்திலாவது அந்த வேரையோ சூரணத்தையோ தொடர்ந்து சாப்பிட்டாரா என்று உட்கார்ந்து விசாரியுங்கள். சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், இனித் தொட வேண்டாம். பாட்டி வைத்தியத்தை நான் மதிக்கிறவள்தான். இந்தச் செடி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்பாவைப் பற்றி இன்னும் சில வார்த்தை. 61 வயதில் 1.7 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் இப்போது வழங்கும் கணக்கீட்டில் நிமிடத்துக்கு 45 மில்லிலிட்டர் அளவில் வரும். கவனிக்க வேண்டிய நிலை, கைவிட வேண்டிய நிலை கிடையாது. நம் நாட்டில் இந்த நிலைக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியவை சர்க்கரையும் ரத்த அழுத்தமும். அடுத்து வலி மாத்திரை. மூட்டை சுமந்து மலையேறி இறங்குகிறவர்களுக்கு முழங்கால் வலி சாதாரணம்; கடையில் வாங்கும் மாத்திரையைத் தினம் ஒன்று என்று வருடக்கணக்கில் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். சிறுநீரில் அல்புமின் எவ்வளவு என்ற பரிசோதனை, வயிற்று ஸ்கேன், மூன்று மாதச் சர்க்கரை அளவு, இவற்றை டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். ரத்தத்தில் ஆக்ராடாக்சினை அளந்து பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அளக்க முடியும். ஐரோப்பாவில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்களைச் சோதித்தபோதே பெரும்பாலோர் ரத்தத்தில் கொஞ்சம் இருந்தது. அதனால் ‘இருக்கிறது’ என்று தெரிந்தால் அதைவைத்து நோய்க்குக் காரணம் சொல்லிவிட முடியாது. அந்தப் பணத்தை மேலே சொன்ன சோதனைகளுக்கு வையுங்கள்.

சேர்ந்தது போகுமா? நஞ்சு போகும். இன்றோடு நிறுத்தினால் 35 நாளில் பாதி, 70 நாளில் கால், ஆறு மாதத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு இறங்கிவிடும். மருந்தே வேண்டாம், உடம்பே செய்யும் வேலை இது. நார் படர்ந்த இடம் மட்டும் திரும்பாது. கரித்தூள், பித்தத்தைக் கட்டும் மருந்து எல்லாம் விலங்குகளில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்; மனிதருக்குப் பலன் என்று நிலைநாட்டியது எதுவும் இல்லை. பாதி பழுதான சிறுநீரகத்துக்குப் பெயர் தெரியாத கஷாயம் இன்னொரு சுமை.

அப்படியானால் காபி குடிப்பதே ஆபத்தா என்று பயந்துவிட வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் வறுத்த காபிக்கு ஒரு கிலோவில் 5 மைக்ரோகிராம் என்று வைத்திருந்த வரம்பை 2023 முதல் 3 ஆகக் குறைத்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வரம்பைத் தொட்ட தூளையே ஒருவர் நாளைக்கு 20 கிராம் வீதம் குடித்தாலும், 60 கிலோ எடையுள்ளவருக்கு வாரத்தில் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 7 நானோகிராம்தான் போகும் (நானோகிராம் என்பது மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு வாரத்துக்குத் தாங்கலாம் என்று சொன்ன அளவு 100. ஆக, நல்ல காபி நெருங்கவே இல்லை. தூளில் 3-க்குப் பதில் 60 இருந்தால்? வாரத்துக்கு 140. அரிசி, மிளகாய், மிளகு வழியாக வருவதைச் சேர்க்காமலே எல்லை தாண்டிவிட்டது. ஒரே தோட்டத்துக் காபியில் இந்த 3-க்கும் 60-க்கும் நடுவே இருப்பது, களத்தில் அந்தப் பழத்துக்கு என்ன நடந்தது என்பதுதான்.

நம் மலைக்கென்று ஒரு துரதிர்ஷ்டம் இருக்கிறது. பழநி மலையின் கீழ்ச்சரிவில் பழம் சிவப்பதும் வடகிழக்குப் பருவமழை வருவதும் ஒரே மாதங்களில். ஐப்பசி, கார்த்திகையில் பறித்துக் களத்தில் கொட்டினால் மத்தியானம் வரை வெயில், அதன்பின் மஞ்சு இறங்கும், சாயங்காலம் மழை. சிறுவயதில் எனக்குக் கொடுத்த வேலை, மேகம் கறுத்தவுடன் தார்பாயை இழுத்து மூடுவது. மறுநாள் காலை தார்பாயைத் தூக்கினால் முகத்தில் ஆவி அடிக்கும். புளித்த கள் வாடையும் ஈரச்சாக்கு வாடையும் கலந்த ஒரு நெடி. குவியலுக்குள் கையை விட்டால் அடுப்படி மாதிரிச் சுடும். விரலில் வழவழப்பாக ஒட்டும். இரண்டு மூன்று நாளில் பழத்தின் காம்புப் பக்கம் வெள்ளை நூல் ஓடி, பிறகு மஞ்சள் பொடியாகவோ கறுப்புப் பொடியாகவோ பூக்கும். தோலும் கொழகொழப்பும் முழுதாக இருக்கும் செர்ரிக்கு இது சீக்கிரம் வரும். தோலை நீக்கிக் கழுவிக் காயவைக்கும் பார்ச்மெண்ட்டில் பூசணத்துக்குத் தீனி குறைவு. நஞ்சு கொட்டையைவிட மேல்தோலில்தான் அதிகம் என்பதும் பரிசோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்.

அந்த வாடையை வியாபாரி மோந்தவுடன் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார். ஒதுக்கியது எங்கே போகும்? வீட்டுக்கு. உங்கள் வீட்டில் நடந்ததுதான் எங்கள் வீட்டிலும். சிவந்த பழம், கழுவிய கொட்டை, எல்லாம் கடனுக்கும் கூலிக்கும் போய்விடும். உதிர்ந்து மண்ணில் கிடந்தது, பூச்சி துளைத்தது, மழை பட்டுக் கறுத்தது, இவை அம்மாவின் வறுசட்டிக்கு. காய்த்துளைப்பான் பூச்சியை இந்தியாவில் முதன்முதலாக 1990-ல் நீலகிரிக் கூடலூரில்தான் கண்டார்கள். அது போடும் குண்டூசித் துளை பூசணத்துக்கு நேர்வழி. பூச்சியே பூசண வித்தை உடம்பில் சுமந்துகொண்டு உள்ளே போகிறது.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அம்மாவின் தூக்கிலிருந்து ஒரு கைப்பிடித் தூளும், விற்க வைத்திருந்த கொட்டையில் ஒரு கைப்பிடியும் எடுத்துப் போனேன். இரண்டையும் ஒரே முறையில் வடித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் புள்ளி வைத்து ஏற்றி, இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் பார்த்தேன். விற்கிற கொட்டையின் வரிசையில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவின் வரிசையில் பச்சையாக ஒரு பொட்டு எரிந்தது. அமோனியா ஆவியில் காட்டினேன், நீலமாக மாறியது. பாடத்தில் படித்த அதே நிறம். எங்கள் கொட்டையில் வெளிநாட்டுக்குப் போகும் பங்குக்கு அளக்க ஆள் இருக்கிறது, வரம்பு இருக்கிறது. விளைவித்தவள் குடிக்கும் தூக்கை யாரும் அளக்கவில்லை. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. கோதுமை, பார்லி, ரைக்கு நம் நாட்டில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்று வரம்பு உண்டு. அதுவும் கடைக்கு வரும் சரக்குக்குத்தான், வீட்டுப் பரணுக்கு இல்லை.

அதனால் நீங்கள் மாற்ற வேண்டியது களத்தையும் வீட்டுப் பங்கையும். ஈரம்தான் எல்லாவற்றுக்கும் வேர். பழம் பாதி காய்ந்து பாதி ஈரமாக இருக்கும் அந்த நடுக்கட்டத்தில்தான் நஞ்சு சுரக்கிறது. அந்தக் கட்டத்தை ஐந்து நாளுக்குள் தாண்டிவிட்டால் நஞ்சு சேராது என்பது உலக உணவுத் தர அமைப்பு 2009-ல் காபிக்கென்று வெளியிட்ட வழிமுறையின் அடிப்படை. அதற்கு முன் உணவு வேளாண்மை நிறுவனம் பல நாடுகளில் நடத்திய ஆய்வில் நம் காபி வாரியமும் சேர்ந்திருந்தது. கொட்டையின் ஈரம் 12.5 சதவீதத்துக்குக் கீழே வந்தபின் பூசணத்துக்கு வழியில்லை. செர்ரியைக் கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலவென்று ஆட வேண்டும்.

பறித்த அன்றே பரப்புங்கள். 3 முதல் 5 சென்டிமீட்டர், அதாவது இரண்டு மூன்று விரல் கனத்துக்கு மேல் வேண்டாம், நாளுக்குப் பலமுறை கிளறுங்கள். மண் களத்தைவிடச் சிமெண்ட் களம் நல்லது, அதைவிட வலை கட்டிய உயரமான மேடை நல்லது, நம் மழைக்கு மேலே கண்ணாடித்தாள் கூரை போட்ட பந்தல் எல்லாவற்றையும்விட நல்லது. காய்ந்ததை மறுபடி நனையவிட்டால் செய்த வேலை எல்லாம் வீண். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உங்களுக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிறது. ஒரு படி செர்ரியை எடுத்துப் போய் ஈரத்தை அளந்து தரச் சொல்லிக் கேளுங்கள், உலர்த்தும் பந்தலுக்கும் யோசனை கேளுங்கள்.

வீட்டுக்கு என்று முதல் பறிப்பிலேயே நல்ல பார்ச்மெண்ட் பத்துப் பதினைந்து கிலோ தனியாகக் கட்டி வைத்துவிடுங்கள். விலை ஏறியிருக்கிறதே என்று அதை அவிழ்க்காதீர்கள். மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல், சுவரைத் தொடாமல் வையுங்கள். மஞ்சு காலத்தில் நம் வீட்டுச் சுவர் வேர்ப்பது உங்களுக்கே தெரியும். விறகடுப்புக்குமேல் பரணில் வைத்துப் புகை காட்டிய பழைய வீடுகளில் தானியம் பூசணம் பிடிக்காமல் இருந்ததற்கு அந்த வெதுவெதுப்புதான் காரணம். காஸ் அடுப்பு வந்த பிறகு பரண் மட்டும் மிஞ்சியது, உலர் சூடு போய்விட்டது. மிளகாய் வற்றலையும் மிளகையும் மொத்தமாக வாங்கி மழைக்காலம் முழுக்க வைத்திருக்காதீர்கள். கட்டி கட்டியாக ஒட்டிய வற்றல், உள்ளே சாம்பல் பூத்த வற்றல், இவற்றைக் கிள்ளிப் பார்த்து எறியுங்கள். அரிசியில் மஞ்சள் பூத்து முக்கல் வாடை வந்தால் அதிலும் சிட்ரினின் என்று சிறுநீரகத்தைத் தாக்கும் இன்னொரு பூசண நஞ்சு இருக்கலாம். கழுவினாலும் வேகவைத்தாலும் நம்பிச் சாப்பிட முடியாது.

கடைசியாக அந்த இரண்டு மூட்டை. யாருக்கும் விற்க வேண்டாம், கூலியாட்களுக்குக் கொடுக்கவும் வேண்டாம். கோழிக்கும் பன்றிக்கும் போடாதீர்கள். மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்ராடாக்சினைப் பெரும்பாலும் உடைத்துவிடும் என்றாலும், பூசணத் தீவனத்தில் அஃப்ளாடாக்சினும் இருந்தால் அது பாலில் இறங்கும், ஆகவே மாட்டுக்கும் வேண்டாம். காற்றில்லாத ஒரு காலையில், மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, மூட்டையை அவிழ்க்காமல் குழிவரை தூக்கிப் போய் மெதுவாகச் சாய்த்து, தண்ணீர் தெளித்து, சாணமும் மண்ணும் போட்டு மூடுங்கள். குழியை வாழைக்குப் பக்கத்தில் எடுங்கள், களத்திலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி. சாக்கைத் திரும்பப் பயன்படுத்தாமல் எரித்துவிடுங்கள். அம்மாவின் வறுசட்டியையும் அரைக்கும் மெஷினையும் நன்றாகத் துடைத்து வெயிலில் ஒரு நாள் வைத்துவிட்டு, இந்தப் பறிப்பில் வந்த பார்ச்மெண்ட்டில் முதல் கிலோவை வீட்டுக்கு வறுங்கள்.